நாளே பா

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு சோம்பேறிகள் இருந்தோம். ஒன்று, மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். இன்னொன்று அம்மாவின் தம்பி, என் மாமா. சாமல்பட்டிக்காரர். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று வேலையை விட்டுவிட்டு, சூளகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரே ஒரு பையோடு வந்து படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. விடுமுறை நாட்களில் இருவரும் மொட்டை மாடி நிழலில் பாய் போட்டு மல்லாந்து கிடப்போம். தூரத்து மலை மெல்ல நிறம் மாறும். புதினாத் தோட்டத்து வாசனை எப்போதாவது காற்றில் வரும். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் பெருகிப் பெருகி அடங்கும். கண்ணை மூடிக்கொண்டால் அதுதான் கடல் என்றார் மாமா. இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் மதியம் முழுக்கக் கரையில் கிடந்தோம். வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கீழேயிருந்து அம்மா கத்தினால் "ஆமேலே" என்று குரல் கொடுப்பேன். 'அப்புறம்' என்பதற்குக் கன்னடம். பாதித் தெரு கன்னடம் பேசியது; அதில் எனக்கு முதலில் ஒட்டிக்கொண்ட சொல் அதுதான்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவரைப் பிடித்து மாமாவுக்கு வேலை ஏற்பாடு செய்தார். அங்கேயும் பிரஸ் மெஷின்தான். "இதுக்கும் போகலைன்னா ஊருக்குப் பஸ் ஏத்தி விட்ருவேன்" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா போய்விட்டால் மாடியில் நான் யாரோடு படுத்துக்கிடப்பது?

"இதுங்க ரெண்டுக்கும் சோம்பேறிப் பேய் புடிச்சிருக்கு" என்று அம்மா புலம்பினாள்.

பேய் என்றால் அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவின் கதவில் கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதியிருக்கும். நாளை வா என்று அர்த்தம். கதவைத் தட்ட வரும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். மறுநாள் வந்தாலும் அதையேதான் படிக்க வேண்டும். நான் சாக்பீஸ் எடுத்து, படம் வரைவது போல அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எங்கள் கதவில் பெரிதாக வரைந்தேன். அந்த வருடம் முழுவதிலும் யாரும் சொல்லாமல் நானாகச் செய்த ஒரே வேலை அது. சோம்பலை விரட்டப் போய் 'நாளை' என்று எழுதி வைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாமா வேலைக்குச் சேர வேண்டிய நாள் வந்தது. அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பவில்லை. அம்மா விடிவதற்கு முன்பே ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கக் கிளம்பினாள். "ஆறு மணிக்கு ஆள் வருவாங்கடா. எந்திரிச்சுக் கெளம்பி நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு தட்டும் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். ஜன்னலில் வெளிர் நீலமாக வெளிச்சம். மாமா குளித்துத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு பாயில் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். பேய்தான் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். மாமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை தட்டும் சத்தம். பிறகு ஒரு பைக் கிளம்பிப் போனது. பேய் பைக்கில் வருமா என்று யோசித்துக்கொண்டே மறுபடி தூங்கிவிட்டேன்.

வந்தது கான்ட்ராக்டரின் ஆள், கன்னடம் படிக்கத் தெரிந்த கோலார்க்காரர். கதவில் இருந்ததைத் தனக்கு எழுதி வைத்த சேதி என்று நினைத்துத் திரும்பிவிட்டாராம். அப்பாவுக்குப் போன் வந்தது. அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள்.

"உன்னாலதாண்டி அவன் பொழப்பு போச்சு!"

அழுதுகொண்டே மாமாவைப் பார்த்தேன். தட்டிய சத்தம் கேட்டதை அவர் சொல்லவில்லை. பேயைப் பற்றி வெளியே சொன்னால் ஆகாது என்று நானும் சொல்லவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் எழுந்தபோது மாமாவின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கதவு ஈரமாக இருந்தது, எழுத்தைக் காணோம். தெருமுனைக்கு ஓடினேன். மாமா தனியாக நின்றிருந்தார்.

"அழிச்சிட்டீங்களே, பேய் வந்தா?" என்றேன்.

"வரட்டும் பாப்பா. இன்னைக்கு நான் இங்கயே நிக்கிறேன்."

கதவில் படித்தபடியே கோலார்க்காரர் தவறாமல் வந்தார். மாமா ஏறிப் போனார்.

போச்சம்பள்ளியில் அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்ற கூட்டாளிக்கு மூன்று விரல்கள் போனதும், துணி சுற்றி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது மாமாதான் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கே வெகுநாள் கழித்துத்தான் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் மாமா கேன்டீனில் கொடுத்த கேக்கைக் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்தார். அம்மா ஒரு துண்டு கேட்டதற்கு, "அது பாப்பாவுக்கு மட்டும்" என்றார். நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என் எழுத்து பலித்ததற்கான பரிசு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெரிய மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"கிரீம் வெச்ச கேக்கெல்லாம் தர மாட்டாங்களா மாமா?" என்று கேட்டேன்.