ஓணான் விடுதி

முல்லைத்தீவுக் கடற்கரையில் கருவாடு போடும் ஸ்ரெல்லா மாமிக்கு நேரம் பார்க்க மணிக்கூடு கிடையாது. ஓர் ஓணான்தான் உண்டு. காலையில் அது மணல் வளையை விட்டு வெளியே வந்து வெயில் காயும்போது, மாமி வலையை விரித்து மீனைப் பரப்புவார். மணல் சுடத் தொடங்கியதும் அது ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்துவிட்டு வளைக்குள் ஓடும். மாமியும் ஓலைக் கொட்டிலுக்குள் போவார்.

போன வருடம் வெயிலில் மயங்கி மீனுக்கு மேலேயே விழுந்தவர். புருசன் செபமாலை மாமா எவ்வளவு கத்தியும் நிழலுக்குப் போகாத மனுசி, ஓணான் சொன்னால் மட்டும் கேட்பார். முன்பு அது மத்தியானம் வரை பூச்சி பிடித்துத் திரியும். இப்போது மணல் நேரத்தோடு சுடுவதால் பள்ளிக்கூட இடைவேளை மணிக்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாமியோடு கருவாடு போடுகிறேன். மணி என்னை விடவில்லை.

“சனியன், அரை வயிறும் நிரம்பாமல் ஓடுது” என்பார் மாமி.

உடைந்த ரெஜிபோம் மீன்பெட்டியின் வெள்ளை நுரை மூடியில் ‘ஓணான் விடுதி. அறை காலியில்லை’ என்று எழுதி, வளை வாசலில் குத்தி வைத்தேன். மறுநாள் காலை மாமி, “என்னடி பகிடி?” என்று அதைப் பிடுங்கி, மணலில் படர்ந்த அடம்பன் கொடிக்குள் எறிந்தார். அந்தக் கோபத்தில் இடம் பார்க்காமல் வலையை விரித்து, சூடை மீனைக் கொட்டி, ஓரமெல்லாம் கல்லும் வைத்தார்.

இடைவேளை மணி அடித்தது. மாமி இன்னும் வெயிலில்.

“மாமி, உள்ள வாங்கோ!”

“அது இன்னும் போகேல்லையடி.” சுற்றிப் பார்த்தவர் தலையில் கை வைத்தார். “ஐயோ மாதாவே, வளைக்கு மேல வலையை விரிச்சிட்டன்! வெளியில நிண்டு கருகப்போகுது!”

குனிந்து கல்லைப் புரட்டத் தொடங்கினார். முகம் பொரித்த இறால் மாதிரிச் சிவந்திருந்தது. ஓடினேன்.

“விழுந்தால் தூக்கமாட்டன். கருவாட்டோட சேர்த்துக் காயவிடுவன்.”

“வாயை மூடிக்கொண்டு மற்ற மூலையைப் பிடியடி!”

வலையை இழுத்தோம். மீனெல்லாம் மணல். வளை வெறுமை. மாமியின் கால் தள்ளாடியது. அடம்பன் கொடியைக் கிளறிக்கொண்டு போனேன். கையில் பட்டது மாமி எறிந்த என் விடுதிப் பலகை. மெல்லத் தூக்கினேன். கீழே ஈரமணலில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி ஓணான். கதவு தட்டாமல் வந்ததற்காக என்னை முறைத்தது.

“மாமி, சனியன் விடுதியில நிக்குது!”

“உயிரோடயா?”

“உங்களைவிட நல்லாயிருக்கு.”

மாமி சிலுவை போட்டுக்கொண்டு கொட்டில் நிழலில் தொப்பென்று இருந்தார். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். திட்டிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே, “எடி, இன்னும் ரெண்டு மூடி கொண்டுவா” என்றார்.

இப்போது கரையில் மூன்று விடுதிகள். நாலாவது பலகையைக் கொட்டில் வாசலில் தொங்கவிட்டேன்: ‘ஸ்ரெல்லா விடுதி’. அதை அவர் பிடுங்கி எறியவில்லை. இடைவேளை மணிக்கு முன்பே அறை நிரம்பிவிடுகிறது.