கறுப்புச் சால்வை

ஒத்தீலியா இடது உள்ளங்கையை நீட்டி, கோயில் ஜன்னல் பக்கமாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அவள் வெளிச்சத்தைப் பார்ப்பது கையால்தான். சோள மில்லில் மாவு அரைக்கும் கை. விரலிடுக்கில் காய்ந்த மாவு.

"பத்தாது" என்று முணுமுணுத்தாள். வெளியே மேகம் திரண்டிருந்தது.

அவள் கேமராவில் ஃபிளாஷ் கிடையாது. "வெளிச்சத்தை மூஞ்சியில வீசியடிச்சா, திருடனைப் பிடிச்ச மாதிரி இருக்கும்" என்பாள். மாவு அரைக்க வருகிறவர்களைக்கூட வாசலோரம் நகர்த்தி நிறுத்திவிட்டுத்தான் பேசுவாள். "இப்படி வாங்கக்கா, உங்க முகம் இங்கதான் இருக்கு." ஊர் சிரிக்கும்.

அதனால்தான் பாதர் அன்செல்மோ கல்யாணப் பூசையில் படம் எடுக்க அவளை மட்டும் அனுமதித்திருந்தார். "பூசையில எவனாவது போனை எடுத்து மின்னல் வெட்டினா, நான் பாதியில நிறுத்திடுவேன்" என்று மற்ற எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

மணப்பெண் நொயெமி அவளுடைய பள்ளித் தோழி. நொயெமியின் அப்பா அவள் சிறுமியாக இருந்தபோதே, அனுமதிக் காகிதம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டி வடக்கே போனவர். வந்தால் திரும்பிப் போக முடியாது. தொலைபேசியில் ஒத்தீலியாவிடம் ஒன்றுதான் கேட்டார். "லாசோ விழுறப்போ எம்பொண்ணு முகம் எப்படி இருக்குன்னு காட்டிடும்மா. வேற எதுவும் வேணாம்."

மண்டியிட்ட மணமக்கள் இருவரின் தோளையும் சேர்த்துப் போடும் இரட்டை ஜெபமாலைதான் லாசோ. அதைப் போடப்போகிறவள் ஒர்தென்சியா அத்தை. அகலமான உடம்பு, அதைவிட அகலமான தொப்பி.

"அத்தை, ஜன்னலை மறைக்காம வலது பக்கமா வந்துடுங்க."

"எத்தனை லாசோ போட்டவடி நான். எனக்கே பாடமா?" அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதென்ன, துக்க வீட்டுக்கு வந்தவ மாதிரி கறுப்புச் சால்வை?"

"குளிருது அத்தை."

குளிரவில்லை. கழுத்துவரை ஊசி குத்தியிருந்த சால்வைக்குள் வெள்ளை ரவிக்கை இருந்தது. படம் எடுக்கும் முகத்தருகே வெள்ளை இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் இருட்டிலும் முகம் கொஞ்சம் தெளியும். இரண்டு கையும் கேமராவில் இருக்கும்போது வெள்ளைத் துணியை யார் பிடிப்பது? ஆனால் கல்யாணத்தில் மணப்பெண்ணைத் தவிர எவளும் வெள்ளை உடுத்தக் கூடாது. உடுத்தினால் மாப்பிள்ளைமேல் கண் என்று அர்த்தம்.

மாப்பிள்ளை ரொகேலியோ, இரண்டு திருவிழாக்களில் ஒத்தீலியாவோடு மட்டும் ஆடியவன். ஊர் ஒரு கணக்குப் போட்டது. அவளும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தாள். நொயெமியிடம் அதை அவள் சொன்னதே இல்லை. சால்வையை அவிழ்க்கும் நிலை வரக்கூடாது என்று காலையில் மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டியிருந்தாள்.

லாசோவை ஏந்திக்கொண்டு அத்தை எழுந்தாள். பழக்க தோஷம், இடது பக்கமாகவே வந்தாள். தொப்பியின் நிழல் நொயெமியின் முகத்தை அப்படியே விழுங்கியது.

பூசை நடுவே கூப்பிட முடியாது. மண்டியிட்டிருந்தவளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒத்தீலியா தூணில் சாய்ந்து மூச்சை அடக்கினாள். ஜன்னல் வெளிச்சம் இன்னும் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது. கறுப்புச் சால்வை அதையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது.

ஊசியைப் பிடுங்கினாள். சால்வை ஒரு தோளிலிருந்து சரிந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் குரல்: "பாத்தியா, வெள்ளை. மனசுல இருந்தது வெளிய வந்துடுச்சு."

லாசோவைப் பிடித்திருந்த அத்தையின் கை நின்றது. "மூடுடி, வெட்கங்கெட்டவளே" என்று பல்லுக்குள் சொன்னாள்.

நொயெமி நிமிர்ந்தாள். தோழியின் வெள்ளையிலிருந்து மெல்லிய ஒளி ஒன்று அவள் கன்னத்தில் ஏறியது. மணிகள் அவள் தோளைத் தொட்டன. பாதரைப் பார்க்காமல் நேரே கேமராவை, அதற்கும் அப்பால் வடக்கே எங்கோ இருந்த ஒருவரைப் பார்த்தாள். உதடு துடித்தது. ஒத்தீலியா அழுத்தினாள்.

அப்பா கேட்ட படம் கிடைத்துவிட்டது. இனி சால்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம்.

லாசோவின் மறு பாதி ரொகேலியோவின் தோளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் இன்னும் இருட்டில் இருந்தது.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், மறு தோளையும் குலுக்கினாள். சால்வை தரையில் விழுந்தது.