இடக்கைப் பிரி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் சோணைமுத்துவுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான். செட்டிமார் பர்மாவுக்குக் கப்பலேறிச் சம்பாதித்துக் கானாடுகாத்தானில் மாளிகை கட்டிய காலம் அது. இந்த மனுசனோ இளையாத்தங்குடிப் பக்கம் கண்மாயின் கடைமடையில் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு, ஆடியில் விதைக்கப்போகும் நாளைப் பெண்டாட்டி கருப்பிக்குக்கூட முன்னால் சொல்லமாட்டார். கண் பட்டுவிடுமாம்!

விதைப்பதோ, தையில் அறுக்கும் ஐந்து மாத நெல். கடைமடைக்குத் தண்ணீர் அதுவரை நிற்குமா? இரண்டு வருசமாகப் பதரைத்தான் அறுத்தார். மூன்றாவதும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

அந்த வருசம் ஐப்பசி பிறந்ததுமே வயல் கதிர் வாங்கிவிட்டது. ஐந்து மாத நெல் இத்தனை சீக்கிரம் கதிர் விடாதே, விதை மாறியிருக்கிறது! கொட்டிலுக்கு ஓடினார். விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து கட்டிய கோட்டையைக் கருப்பி பிரித்துப் போட்ட இடத்தில், சுற்றியிருந்த பிரி, வைக்கோலை முறுக்கித் திரித்த கயிறு, கிடந்தது. முறுக்கு இடப்பக்கம் ஓடியது. ஊரில் இடக்கைக்காரர் ஒருவர்தான், கருப்பியின் அண்ணன் மாயக்கண்ணன்.

மடையடியில் ஊரே பார்க்க மறித்தார். "என் வெதையக் களவாண்டு ஒன் குப்பைய வச்சுட்டியே, நீயெல்லாம் ஒரு மச்சானா?"

மாயக்கண்ணன் கூட்டத்தில் நின்ற தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தார்.

"பாத்தீகளா, பேச்சக் காணோம்!" என்றார் சோணைமுத்து. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றது.

ஐப்பசியோடு மழையும் நின்றது. கார்த்திகையில் சோணைமுத்து களம் நிறைய அறுத்தார். மார்கழிக்குள் கண்மாய் வற்றி, தலைமடையிலிருந்த மாயக்கண்ணன் பயிர் கதிர் முற்றாமல் கருகியது.

"களவாண்ட வெதை ஒட்டுச்சா பாத்தியா?" என்று சோணைமுத்து கருப்பியிடம் சிரித்தார்.

கருப்பிக்குப் பொறுக்கவில்லை. "யாரு களவாண்டது? கோட்டைய மாத்துனது நாந்தேன்! 'எனக்குத் தலைமடை, எப்படியும் வெளஞ்சிரும், ஒனக்குத்தான் தண்ணி நிக்காது'ன்னு அண்ணன் தன்னோட மூணு மாச நெல்லக் குடுத்து ஒங்களுத வாங்கிக்கிருச்சு. நேர்ல குடுத்தா வாங்கியிருப்பீகளா? யாரு எதக் குடுத்தாலும் 'சும்மாவா குடுக்குறான்'னு கேக்குற ஆளாச்சே நீங்க!"

பாவி மனுசனுக்கு ஆத்திரம் முழுக்கத் தன்மேலேயே திரும்பியது. பொழுது சாயுமுன் பாதி நெல்லை வண்டியிலேற்றி மச்சான் வாசலில் இறக்கினார்.

மாயக்கண்ணன் வெளியே வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், தொடவில்லை.

"சும்மாவா குடுக்குறீக, மச்சான்?" என்று கேட்டார்.