ஜௌபர் நானாவின் மிச்சப் படம்

கதாநாயகன் கதவைத் திறக்கிறான். உள்ளே யாரோ நிற்கிற நிழல் தெரிகிறது. அந்த இடத்தில் ஜௌபர் நானா படத்தை நிறுத்திவிடுகிறார். மணி நாலு ஐம்பத்தைந்து. அந்த நிழல் யாரென்று அறிய அவருக்கும் ஆசைதான், ஆனால் இன்றைய பங்கு முடிந்துவிட்டது. போனைச் சட்டை நுனியில் ஒருதரம் துடைத்து, எஞ்சின் பிளக் கழற்றும் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

கற்பிட்டி ஜெட்டிக்குப் போகிற வழியில் போட் எஞ்சின் திருத்துகிற கொட்டில் அவருடையது. எஞ்சினை மரச்சட்டத்தில் பூட்டி, அடிப்பாகத்தைத் தண்ணீர் நிரப்பிய நீலப் பீப்பாவுக்குள் இறக்கிக் கயிற்றை இழுப்பார். சத்தத்தைக் கேட்டே, "இதுக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிவிடுவார். இருபது வருடம் அந்தச் சத்தத்தோடு இருந்ததில் மனிதக் குரல்தான் அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் போன் வந்தால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேச்சு.

எதிரே இருக்கிற தேத்தண்ணிக் கடையில் பின்னேரம் கூடுகிற படப் பைத்தியங்கள் நாங்கள் மூன்று பேர். போன் கடை இப்ஹாம் புதுப்படம் எது வந்தாலும் எல்லோருக்கும் அனுப்பிவைப்பான். வள்ளம் வைத்திருக்கிற கிளைட்டன் பாட்டையும் சண்டையையும் ஓட்டிவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் படத்தை முடித்துவிட்டு வந்து நிற்பான். தபால் கந்தோரில் வேலை பார்க்கிற நான் ஒழுங்காகத்தான் பார்ப்பேன். ஆனால் முடிவை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. யாராவது கதையைப் பிழையாகச் சொன்னால் திருத்தாமலும் இருக்க மாட்டேன். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஜௌபர் நானா மட்டும் ஒரு படத்தை ஆறு நாள் பார்ப்பார். அவருடைய மனைவி ஷஃபீனா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். மேடம் பகல் தூக்கம் போடும் நேரத்தில், இங்கே நாலரைக்கு, ஷஃபீனாவுக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும். அதில் இருபத்தைந்து நிமிடம் அங்கே அவரும் இங்கே இவரும் ஒரே படத்தைப் பார்ப்பார்கள். மிச்ச நேரம் அதைப் பற்றிப் பேச்சு. ஒருவரை விட்டு ஒருவர் ஒரு நிமிடம்கூட முன்னால் போவதில்லை.

முதல் வருடம் இப்படி இல்லையாம். போனை எடுத்தால் கூரைத் தகடு, மகளுக்குக் காய்ச்சல், அங்கே மேடத்தின் ஏச்சு. "கதைச்சு முடியிறப்ப ரெண்டு பேரும் அழுற. இல்லாட்டிச் சண்ட" என்று நானாவே சொல்லியிருக்கிறார். ஒருநாள் என்ன பேசுவதென்று தெரியாமல், முந்தின நாள் பார்த்த படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினாராம். "மறுகா என்ன?" என்று ஷஃபீனா கேட்டாராம். அந்தக் குரல், ஊரில் இருந்தபோது கேட்ட பழைய குரலாக இருந்ததாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மகளோடு பேச்சு, மற்ற நாளெல்லாம் படம்.

ஷஃபீனா சொன்னதை ஐந்தே காலுக்குக் கடைக்கு வந்து எங்களுக்கு ஒப்புவிப்பார் நானா. நாங்கள் "பரவாயில்ல" என்பதோடு முடித்துக்கொள்கிறவர்கள். ஷஃபீனாவின் கண் வேறு. கல்யாணக் காட்சியில் அத்தனை பேர் சாப்பிட்ட கோப்பைகளை யார் கழுவினார்கள் என்று கேட்பார். போன மாதம் ஒரு கொலைப் படம் ஊரையே ஆட்டிவைத்தது. கதை நடக்கிற பங்களாவுக்குச் சுவரெல்லாம் கண்ணாடி. "இவ்வளவு கண்ணாடி. துடைக்கிற ஒருத்திய ஒருக்கா காட்டினா என்ன, கொறஞ்சா போவாங்க?" என்று கேட்டாராம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டாம் தரம் அந்தப் படத்தைப் பார்த்தபோது என் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

அந்தப் படம்தான் பாதியில் நின்றது. ஒரு மணித்தியாலம் நாற்பத்தாறு நிமிடத்தில், கொலைகாரன் யாரென்று தெரிவதற்குச் சற்று முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அடுத்த நாள் நாலரைக்கு, படத்தைத் தொடங்கச் சொல்லும் ஷஃபீனாவின் செய்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் அணைந்து கிடந்தது. ஏஜென்சியில், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

பதினொரு நாள். நானா ஒழுங்காகப் பூட்டிய எஞ்சினையே திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தார். இப்ஹாம் புதுப்படம் ஒன்று அனுப்பியபோது, "ஒண்டு பாதியில நிக்கிதே தம்பி" என்று சொல்லிவிட்டார். கடையில் யாராவது அந்தக் கொலைகாரனைப் பற்றி வாயெடுத்தால் கிளைட்டன் முறைத்தே அடக்கினான். நானும் வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. மிச்சப் படத்தைப் பார்க்காமலே இந்த மனிதர் இருந்துவிடுவாரோ என்றுதான்.

பன்னிரண்டாம் நாள் நாலரைக்கு, எஞ்சின் பீப்பாவுக்குள் உறுமிக்கொண்டிருந்தபோது போன் வெளிச்சம் காட்டியது. எஞ்சினை நிறுத்திவிட்டு, போனைக் கையில் ஏந்தியபடியே சத்தமில்லாத இடம் தேடிக் கடைக்குள் வந்துவிட்டார்.

"நான்தான். சுகமா இருக்கன். அழாதீங்க."

போன் மாடியிலிருந்து விழுந்து உடைந்துவிட்டதாம். பக்கத்து வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் பட்டன் போனை இன்றைக்குத்தான் கேட்டு வாங்க முடிந்ததாம். சம்பளம் வந்ததும் வேறு போன் வாங்குவாராம். நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"படத்த முடிச்சிருப்பீங்க" என்றார் ஷஃபீனா. "இந்தப் போன்ல பாக்க ஏலா. மிச்சத்தச் சொல்லுங்க."

"நான் பாக்கல்ல புள்ள."

இப்ஹாம் தன் போனில் அந்தப் படத்தை எடுத்து, சரியாக ஒரு மணித்தியாலம் நாற்பத்தாறாம் நிமிடத்தில் வைத்து, தேத்தண்ணிப் போத்தலில் சாய்த்து நிறுத்தினான். நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்கச் சொன்னார். மழை பெய்வதைச் சொன்னார், படியில் ஆள் இறங்குவதைச் சொன்னார். கொலைகாரன் யாரென்று கண்டதும் அவர் சொல்ல மறந்து திகைக்க, "ஆரு? ஆரு?" என்று ஷஃபீனா பதறினார். பொலீஸ் வந்து போனது. கடைசியாக, விடியற்காலை வெளிச்சத்தில் அந்த வெறும் பங்களா.

"ஆக்கள் எல்லாம் போய்ட்டாங்க. வீடு தெரியிது" என்றார் நானா. போனுக்குக் கிட்டே குனிந்தார். "ஒரு பொம்பள நிக்கிறா, புள்ள. கையில துணி. கண்ணாடி துடைக்கிறா."

நான் இரண்டு தரம் பார்த்த படம். அப்படி ஒருத்தி அதில் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"மெய்யாவா?" ஷஃபீனாவின் குரல் மெலிந்திருந்தது. "எங்க நிக்கிறா?"

ஜௌபர் நானா எண்ணெய்க் கறுப்பு ஏறிய விரலை நீட்டி, திரையில் யாருமே இல்லாத அந்தக் கண்ணாடிச் சுவரின் ஓரத்தில் வைத்து, "இந்தா, இந்தப் பக்கமா" என்று காட்டினார்.