மலைப்பஸ்சில் ஊதிய பியூகிள்

போடிமெட்டு பஸ் ஓட்டிய அந்த மீசைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மீசையை ஒருதரம் தடவிக்கொள்வார்.

ஐந்தாம் வகுப்பில் பள்ளி பேண்டு குழுவில் எனக்குப் பியூகிள் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு ஊதியும் வெறும் காற்றுதான் வந்தது. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, அதையும் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

பாதியில் மூடுபனி இறங்கியது. ஓட்டுநர் என் கையிலிருந்த பியூகிளைப் பார்த்து, “ஆத்தா, இந்த ரப்பர் ஹாரன் மக்கர் பண்ணுது. வெரசா நீ ஊது. எதுக்க ஜீப்பு வந்துரும்” என்றார்.

“எனக்குச் சத்தமே வராதுண்ணே!”

“இப்ப வரும் பாரு.”

பயத்தில் மூச்சைக் கட்டி ஊதினேன். மலையே அதிர்ந்தது. எதிரே வந்த ஜீப் ஒதுங்கி நின்றது. மேலே போகும்வரை வளைவுக்கு வளைவு நான்தான் ஊதினேன், பஸ்சே கைதட்டியது.

எங்களை இறக்கிவிட்டுக் கிளம்பிய பஸ், அடுத்த வளைவில் கணீரென்று ஹாரன் அடித்தது. அதற்குள் எப்படிச் சரியானது என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா சிரித்தாள். எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.