மேனேஜர் எட்டு

குற்றாலத்தில், மெயின் அருவிக்குப் போகும் சாலையில், பதினான்கு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர். வரவேற்பறைக் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையின் ஓரத்தில் ஒரு வரிசை நிற்கும். மேனேஜர் ஒன்று, மேனேஜர் இரண்டு என்று எட்டு வரைக்கும். எட்டுப் பேரும் நான்தான். அதில் ஏழு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எட்டாவது ஆளுக்காவது ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எல்லாம் இந்த சீசனில் வந்த வியாதி. காலையில் வந்து பாஸ்வேர்டைத் தட்டுவேன். உங்கள் அக்கவுண்டுக்குள் நுழைய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பிறகு மனசு இரங்கி ஒரு வெறும் நீலத் திரையைத் திறந்துவிடும். அருவிக்குள் தலையை நீட்டிக்கொண்டு நான் நிற்கிற படம் அதில் இருக்காது. அறை முன்பதிவு லிஸ்ட் இருக்காது. சொந்த வீட்டுக்குள் நுழைந்தவனை, யார் நீங்கள் என்று கேட்டு ஓரமாக உட்கார வைத்ததுபோல இருக்கும்.

கம்ப்யூட்டர் என்ன என் தாத்தா சொத்தா, போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நாற்காலிதான் என்னை விடவில்லை.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் காலுக்கு விடுதலை. சேலை எடுக்க வருகிறவர்கள் பாயில் உட்காருவார்கள், நாற்காலியில் உட்காருவார்கள், சிலர் படுக்காத குறை. நாங்கள் நிற்போம். கடைசியில் இரண்டு முழங்கால்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. இனி நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் இந்த லாட்ஜின் முதலாளி ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் இருக்கிறார். போனில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கம்ப்யூட்டர் தெரியும்லா?"

"நல்லாத் தெரியும் மொதலாளி" என்றேன். ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று பத்து வருடம் சேலை மடித்திருக்கிறேன். அந்தத் தைரியம்.

இங்கே எனக்குக் கிடைத்தது சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. முதல் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். நான்கு வருடமாகிறது. இன்னும் சலிக்கவில்லை.

ஜூன் மாதம் முதல் மேனேஜர் செத்த அன்று எனக்கு விவரம் தெரியவில்லை. நீலத் திரை வந்தது, சரி, வாழ்க்கையில் ஒரு மாறுதல் என்று எடுத்துக்கொண்டு அதிலேயே நாள் முழுக்க முன்பதிவுகளை அடித்தேன். அது தற்காலிகமான திரை, அணைத்தால் எழுதியது அத்தனையும் அழிந்துவிடும் என்று அதுவும் ஆங்கிலத்தில் சொல்லித்தான் இருந்தது. நான் அதை வரவேற்புரை என்று நினைத்தேன்.

விளைவு, அந்தச் சனிக்கிழமை ஏழாம் நம்பர் அறைக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நின்றன. ராஜபாளையத்திலிருந்து ஒன்று, கோவில்பட்டியிலிருந்து ஒன்று. இரண்டு பேர் கையிலும் பிரஷர் குக்கர். இரண்டு குக்கருக்கும் நடுவில் நான். ஒரு குடும்பத்துக்கு ஐந்தருவிப் பக்கம் வேறு லாட்ஜில் அறை பிடித்துக் கொடுத்து, அவர்கள் பெட்டிகளை நானே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். போன கையோடு லாட்ஜைப் பற்றி இன்டர்நெட்டில் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டார்கள். படித்தவர்களில் முதலாளியும் ஒருவர். வீடியோ காலில் வந்தார்.

"ஓய், கம்ப்யூட்டர் தெரியும்னு சொல்லித்தான அங்கன ஒக்காந்தீரு?"

"ஆமா மொதலாளி."

"இன்னொரு மட்டம் லிஸ்ட் காணாமப் போச்சுன்னு என் காதுல விழுந்துச்சுன்னா, தெரிஞ்ச ஆள ஒக்கார வச்சுருவேன். நீரு மாடியில ரூம் காட்டுத வேலையப் பாரும்."

எங்கள் லாட்ஜுக்கு மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. முழங்கால்கள் அந்த வாக்கியத்தை என்னைவிடத் தெளிவாகக் கேட்டுக்கொண்டன.

தென்காசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற ஒரு பெண்மணியைக் கூப்பிட்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும். சாரலில் மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பழைய அக்கவுண்ட் கெட்டுப்போய்விட்டது, ஆனால் அதில் இருந்த லிஸ்டெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. புதிதாக ஒரு அக்கவுண்ட் போட்டு அதற்குள் எடுத்து வைத்துவிட்டால் முடிந்தது. அப்படித்தான் மேனேஜர் இரண்டு பிறந்தார். எண்ணி எட்டாவது நாள் அவரும் படுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நேத்து என்ன செஞ்சிய?" என்று மறுபடி வந்த பெண்மணி கேட்டார்.

"ஒண்ணும் செய்யலம்மா. தெனமும் செய்யுத மாதிரிதான் செஞ்சேன்."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

"கொரங்கு வந்து எதையாச்சும் அமுக்கியிருக்கும்."

"கொரங்கு எப்படி அமுக்கும்? பாஸ்வேர்டு வேணும்லா?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு. அதான் பாஸ்வேர்டு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்பம் கொரங்காத்தான் இருக்கும்" என்றார்.

மூன்று, நான்கு, ஐந்து என்று நான் பிறந்து பிறந்து இறந்தேன். அந்தப் பெண்மணியும் விடவில்லை. வைரஸ் இருக்கிறதா என்று தேடினார். ஹார்ட் டிஸ்கை மாற்றினார். என் பங்குக்கு நானும் வைத்தியம் பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தேன். திருநீறு பூசினேன். மௌஸை ஈரத்துணியால் துடைப்பதை நிறுத்தினேன். அறைகளைப் பெருக்கித் துடைக்கிற அக்கா சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வருகிறவர், ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார். "மெசினு நல்லாத்தான் இருக்கு, இவரு மொகத்தப் பாத்ததும் மயங்கி விழுந்துருது" என்று வாளியும் கையுமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று முகச்சவரம் செய்துகொண்டேன். வேறு என்ன செய்ய?

ஆறாவது மேனேஜர் விழுந்த மறுநாள் மத்தியானம், அந்தப் பெண்மணி ஒரு தாளில் தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அக்கவுண்டும் என்றைக்குக் கெட்டது என்ற கணக்கு. "இந்த நாளுகள்ல இங்கன விசேசமா என்ன நடந்துச்சு? கொஞ்சம் நெனச்சுப் பாருங்க அண்ணாச்சி."

எனக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவில்லை. ஆனால் போனில் படம் இருந்தது. லாட்ஜ் வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். எந்த அருவியில் குளிக்கலாம், எதில் கூடாது என்று விருந்தினர்களுக்காக அதில் நான்தான் எழுதுவேன். எழுதியதைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்புவேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருநாளாவது சொல்வார் என்ற ஆசை. அந்தப் படங்களையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆறு தேதி. ஆறு நாளும் பலகையில் என் அழகான கையெழுத்தில் ஒரே வாசகம்: வெள்ளப்பெருக்கு, மெயின் அருவியில் குளிக்கத் தடை.

"அருவில தண்ணி கூடுனா கம்ப்யூட்டர் கெட்டுப்போவுதா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பயமாக இருந்தது.

வாளியோடு மாடிக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா படியிலேயே நின்றார். "தடை போட்டா எல்லாரும் ரூமுலல்லா குளிப்பாக? பதினாலு ஹீட்டரும் ஒண்ணாப் போடுவாக. லைட்டு மங்கி மங்கி எரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். லைட் மங்கும்போது அதைச் சாயங்காலத்தின் அழகு என்று ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். போன வருடம் வரை கீழே அண்டாவில் வெந்நீர் போட்டு வாளியில் கொடுத்தோம். இந்தக் கோடையில்தான் முதலாளி எல்லா அறையிலும் ஹீட்டர் மாட்டினார். மற்ற நாட்களில் அதை யார் போடப்போகிறார்கள்? அருவியில் குளிக்கத்தானே குற்றாலத்துக்கு வருகிறார்கள்.

"கரண்டு எறங்கி மெசினு பாதியில அணைஞ்சா அக்கவுண்டு கெட்டுத்தான் போவும். ஆனா யுபிஎஸ் தாங்கணுமே" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண்மணி மேசைக்கு அடியில் குனிந்தார். யுபிஎஸ் அங்கேதான் இருந்தது. ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்து போயிருந்தன. கம்ப்யூட்டரின் வயர் மட்டும் அதில் இல்லை. நேரே சுவருக்குப் போயிருந்தது.

"இத யாரு புடுங்குனா?"

ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

மூன்று வருடத்துக்கு முன் புடுங்கியது நான்தான். கரண்ட் போகிற நேரமெல்லாம் அது கீ கீ என்று கத்தும். மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுகிறவனுக்கு எதிரி வேறு வேண்டாம். வயரைக் கழற்றினேன். சத்தம் நின்றது. கம்ப்யூட்டரை நானே சரிசெய்துவிட்டதாக அன்று வீட்டில் வேறு சொல்லியிருந்தேன்.

சும்மா கிடந்ததில் பேட்டரியும் செத்திருந்தது. நாளைக் காலையில் தென்காசியிலிருந்து புதிது கொண்டுவருவதாக அவர் சொன்னார். ஏழாவது மேனேஜரை உண்டாக்கி, பழைய கோப்புகளை அதற்குள் ஏற்ற ஆரம்பித்தார். திரையில் மூன்று மணி நேரம் என்று காட்டியது.

"என்னத்த அண்ணாச்சி இவ்வளவு வச்சிருக்கிய?"

சொந்தக்காரர்கள் அனுப்புகிற காலை வணக்கப் படங்கள். ஒரு ரோஜாப்பூவைக்கூட நான் அழித்ததில்லை.

"முடியுத வரைக்கும் ஒரு ஹீட்டரும் போடப்படாது. பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அன்று ஏழு மணிக்கு முதலாளி கூப்பிடுவதாக இருந்தது. சனிக்கிழமை ஒரு கல்யாணக் கோஷ்டி பதினான்கு அறைகளையும் எடுத்திருக்கிறது. யாருக்கு எந்த அறை என்ற லிஸ்டைத் திரையில் காட்டச் சொல்லியிருந்தார்.

ஐந்தரைக்கு அருவிப் பக்கமிருந்து அபாயச் சங்கு கேட்டது. அதோடு போலீஸ் விசில். தண்ணீர் கூடிவிட்டது, எல்லோரையும் வெளியேற்றுகிறார்கள். பத்து நிமிடத்தில் எங்கள் படிகளில் ஈரக்கால்கள் ஏற ஆரம்பித்தன. பின்னாலேயே நான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

மூன்றாம் நம்பரில் கதவைத் திறந்தவர் உச்சி முதல் பாதம் வரை எண்ணெயில் மின்னினார். மசாஜ் முடித்து அருவிக்குள் போகிற நேரத்தில் சங்கு ஊதியிருக்கிறது.

"அண்ணாச்சி, ஒரு மூணு மணி நேரம் ஹீட்டர் போடாம இருக்க முடியுமா?"

"ஒடம்பு பூரா எண்ணெய் வே. நான் எங்க ஒக்கார, ஒம்ம மடியிலயா?"

"நீங்க மட்டும் போடுங்க" என்றேன். ஐந்தாம் நம்பரில் ஒரு குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு மட்டும் என்றேன். எட்டாம் நம்பரில் ஒரு அம்மாவுக்கு மூட்டுவலி. என் சாதி. அவர்களுக்கு மட்டும் என்றேன். ஒன்பதில் நான் கேட்பதற்கு முன்பே உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. பதினொன்றில், "குளிக்கத்தானய்யா குத்தாலத்துக்கு வந்திருக்கோம்" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். மூன்றாவது மாடிக்குப் போகிற படியில் நான் பாதியில் நின்றேன். தலைக்கு மேலே இருந்த லைட் மங்கியது. நன்றாகவே மங்கியது. பிறகு பிரகாசமானது. படியில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய் என்ன ஆகப்போகிறது?

கீழே வந்து பார்த்தேன். மேனேஜர் ஏழு, பிறந்து இரண்டு மணி நேரம். உங்கள் அக்கவுண்டுக்குள் நுழைய முடியவில்லை.

சரியாக ஏழு மணிக்கு முதலாளியின் முகம் போனில் வந்தது. மாடியில் ஏறி இறங்கியபோதே குரங்கு, இடி, வைரஸ் என்று மூன்று பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஜன்னலைப் பார்த்தேன், குரங்குகூட இல்லை. குனிந்து போனை மேசைக்கு அடியில் நீட்டினேன்.

"என்ன வே காட்டுதீரு, சாமி படமா?"

"யுபிஎஸ்ஸு மொதலாளி. இதுல இருந்த வயர மூணு வருசத்துக்கு முன்னால நான்தான் புடுங்குனேன். கத்துச்சு. தூக்கம் கெட்டுச்சு. அதனாலதான் லிஸ்ட் போவுது. இப்பமும் போயிருச்சு."

லைன் போய்விட்டது என்று நினைத்து எழுந்தேன். மேசையில் தலை இடித்தது.

"இருக்கேன்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஹீட்டர் மாட்டையிலயே எலக்ட்ரீசியன் சொன்னான், பழைய வயரு தாங்காது, மாத்தணும்னு. சீசன் முடியட்டும்னு நான்தான் சொன்னேன். எங்க வீட்டுல கேட்டா அத மட்டும் சொல்லிராதீரும்."

"சொல்ல மாட்டேன் மொதலாளி."

"நாற்காலியில நீரே இரும். கம்ப்யூட்டர மட்டும் தொடாதீரும். ரிப்பேர் பாக்குத அந்தப் பிள்ளைய தெனமும் காலையில வந்து லிஸ்டப் போட்டுட்டுப் போவச் சொல்லும். ஹீட்டருக்கு நீரு பொறுப்பு. ஒரு நேரத்துல மூணுக்கு மேல ஓடப்படாது."

மறுநாள் அந்தப் பெண்மணி பேட்டரியோடு வந்தார். லிஸ்ட் ஆறாவது மேனேஜரின் பைக்குள் பத்திரமாக இருந்தது. எட்டாவதை உண்டாக்கினார். பாஸ்வேர்டு என்னவென்று இந்த முறை என்னிடம் சொல்லவில்லை. கல்யாணக் கோஷ்டி வந்து போனது, குக்கர் சண்டை எதுவும் இல்லாமல்.

ஆக, நாற்காலி எனக்குத்தான். சாரல் பலமாக இல்லாத நாட்களில் அதில் உட்கார்ந்து சுற்றலாம், தடையில்லை. சங்கு ஊதினால் மட்டும் எழுந்து, கையில் சாக்பீஸோடு மூன்று மாடியும் ஏறுகிறேன். அறைக்கதவுகளில் வரிசை எண் எழுதுகிறேன். எண்ணெய் தேய்த்தவர்கள் முதலில், பிள்ளைகள் அடுத்து, மூட்டுவலி அதற்கடுத்து. கீழே யுபிஎஸ் கீ கீ என்று கத்துவது மூன்றாவது மாடி வரை கேட்கிறது. வயரைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை.

நேற்றும் தடைதான். இரண்டாம் நம்பர் அம்மா துண்டும் சோப்புமாக வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, எங்க முறை எப்பம்?"

"பதினொண்ணாம் நம்பர் தலை தொவட்டிக்கிட்டு இருக்காரும்மா. கொஞ்சம் நில்லுங்க" என்றேன். அவரோடு சேர்ந்து நானும் நின்றேன்.