பெரிய புள்ளடி

எழுபத்தைந்தாம் ஆண்டு நாங்கள் ஆஸ்திரேலியாவில், லிட்கம் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குக் கார் ரயர் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போதே அரசியலைத் தலைமுழுகிவிட்டுத்தான் வந்தார். எத்தனை தேர்தலில் வோட்டுப் போட்டாலும், எங்கள் ஆட்கள் பாராளுமன்றத்தில் கத்திவிட்டு வெளியே வருவதுதான் மிச்சம் என்பது அவருடைய தீராத மனக்கசப்பு.

இங்கே வந்து அந்தக் கசப்பு மெல்ல மாறியது. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கதவை எங்களுக்கும் திறந்துவிட்டார்கள் என்று அப்போதைய அரசாங்கத்தைக் கொண்டாடினார். முன்பு பிரிட்டிஷ்காரர் ஆண்ட நாட்டிலிருந்து வந்ததால், பிரிட்டிஷ் பிரசை என்ற வகையில் எங்களுக்கும் வோட்டு இருந்தது. "இஞ்ச என்ர வோட்டுக்கும் ஒரு பெறுமதி இருக்கு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்த நவம்பரில் கவர்னர் ஜெனரல் அந்த அரசாங்கத்தின் பிரதமரைப் பதவியிலிருந்து நீக்கினார். கணவர் கொதித்துப்போனார். ஊரில் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகாத மனிதர், சிட்டியில் நடந்த ஊர்வலத்துக்குக் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

"இஞ்சாருங்கோ, பொம்பிளை பார்க்கவோ போறியள்?" என்றேன்.

"நியாயம் கேக்கப் போறன். ஒழுங்கா உடுத்தால்தான் மதிப்பாங்கள்."

மாலையில் தொண்டை கட்டி, கோட்டில் ஒரு பொத்தான் இல்லாமல் திரும்பினார். அப்படியொரு சந்தோசத்தை அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

டிசம்பரில் தேர்தல். வோட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில், எப்படி வோட்டுப் போடுவதென்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "ஆருக்குப் போடுறதெண்டு எனக்குத் தெரியும்."

வெளியே வந்ததும், "வடிவாப் பெரிய புள்ளடி ஒண்டு போட்டனான்" என்றார்.

ஊரில் வோட்டுப் போடுவதென்றால் பிடித்தவர் பெயருக்கு நேரே புள்ளடி, ஒரு பெருக்கல் குறி. இங்கே எல்லோருடைய பெயருக்கும் நேரே ஒன்று, இரண்டு என்று இலக்கமிட வேண்டும். புள்ளடி போட்டால் செல்லாது.

சொன்னேன். உள்ளே ஓடினார். பெட்டிக்குள் போட்டதை எடுக்க முடியாது என்று அங்கிருந்த பெண்மணி மிகவும் தன்மையாகச் சொன்னார்.

என் கணவருடைய கட்சி படுதோல்வி அடைந்தது. "உங்கட ஒண்டு விழுந்திருந்தாலும் வெண்டிருக்க மாட்டினம்" என்று ஆறுதல் சொல்லப்போனேன். மனிதர் இன்னும் உடைந்துபோனார்.

அடுத்த கிழமை, கூட வேலை செய்த ஒரு கிரேக்கர் இன்னொரு ஊர்வலத்துக்குக் கூப்பிட வந்தார். இவர் தலையிடி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஏன் போகேல்லை?" என்று கேட்டேன்.

"ஊரில என்ர வோட்டை எண்ணிப்போட்டாவது ஒதுக்கினவங்கள். இஞ்ச எண்ணவே இல்லை. நான் எந்த முகத்தோட போய்க் கத்துறது?"

பிறகு வந்த எல்லாத் தேர்தல்களிலும் அவர் சரியாக இலக்கமிட்டுத்தான் வோட்டுப் போட்டார். ஆனால் யார் வரவேண்டும், யார் வரக்கூடாது என்று சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.